அண்ணாமலைக்கு வந்த வடதேசத்து யாத்திரிகர்கள்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் கோயிலில் தரிசனம் செய்வார்கள், மலையை வலம் வருவார்கள், ஊர் திரும்புவார்கள். நானோ ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். இது அபசாரம் என்று கருதும் நேயர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நான் போனதும் யாத்திரிகர்களைப் பார்ப்பதற்குத்தான்.

ரமணாசிரமத்துக்குத் தெற்குப் புறமாகச் சமுத்திரம் என்றோர் ஏரி இருக்கிறது. பெயர்தான் சமுத்திரம், மழை பொய்த்த வருஷங்களில் அங்கே ஆடுமாடுகள் மேயும். அன்று பாக்கியவசமாக நடுவில் கொஞ்சம் தண்ணீரும், ஓரத்தில் சேறும் இருந்தன.

கரையில் நின்று தூரதரிசனக் கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன். ஆடு மேய்க்கும் கிழவர் ஒருவர் அருகில் வந்தார்.

"என்னா சாமி பாக்கறீங்க?"

"உள்ளான் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்."

"அதுங்க பொரட்டாசியிலேயே வந்துடுச்சே! மழைதான் இன்னும் வரல்லே" என்றார் அவர்.

அவர் காட்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு பறவைகள், வாலை ஆட்டியபடி சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. முதுகில் கார்த்திகைப் பொரியைத் தூவினாற்போல் வெண்புள்ளிகள். பொரி உள்ளான் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! அப்பால் ஒரு மஞ்சள் வாலாட்டி ஓடியது. தண்ணீரின்மேல் தகைவிலான்கள் தாழப் பறந்தன. நடுவில் நீலச்சிறகி வாத்துகள் மிதந்தன.

பொரி உள்ளானின் எடை சுமார் 65 கிராம். வட ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் உள்ள சதுப்பு நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் வருமுன் புறப்பட்டு, ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து நம் தேசத்துக்கு வருகிறது. இப்பிரயாணங்களை அறிய, 1959-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஸலீம் அலியின் தலைமையில் பறவைகளின் காலில் வளையமிடும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். நம் கோடிக்கரையிலும் அவ்வேலை நடந்தது. இந்தியாவில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவில் அகப்பட்டதுண்டு.

"தண்ணி இல்லேன்னா அதுங்க என்னா பண்ணும் சாமி?" என்று கேட்டார் கிழவர்.

"வேறு ஏரியைத் தேடிப் போகும்."

"அங்கேயும் இல்லேன்னா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மழை நம் கையில் இல்லை. ஏரி நம் கையில் இருக்கிறது. தூர் வாருவது அவசியந்தான். ஆனால் ஏரி முழுவதையும் தொட்டிபோல் ஆழமாக்கிக் கரையைச் செங்குத்தாக்கி விட்டால், உள்ளானுக்கு நிற்க இடம் ஏது? அதன் கால் ஒரு விரல் நீளங்கூட இராது. அதற்கு வேண்டியது இரண்டங்குலத் தண்ணீரும் புழுபூச்சி உள்ள சேறுமே. ஒரு பக்கத்தையாவது சரிவாக விட்டு, குப்பை கொட்டாமல் காத்தால் போதும்.

திரும்பும் வழியில் ரமணாசிரமத்துக்குள் சென்றேன். அங்கே பசு லக்ஷ்மியின் சமாதிக்கு அருகே ஒரு காக்கைக்கும் சமாதி இருக்கிறது. காக்கையைக்கூட மரியாதையுடன் அடக்கம் செய்த ஊர் இது. கார்த்திகைத் தீபத்துக்கு வரும் லட்சோபலட்சம் ஜனங்களுக்கு அன்னமும் தண்ணீரும் அளிக்கிற ஊரும் இதுதான். அவர்களுக்கு முன்பே வந்துவிடும் இந்தச் சிறிய யாத்திரிகர்களுக்கு ஒரு முழம் சேற்றை ஒதுக்க அதற்கு மனம் வராமலா போகும்?