முகவரி தப்பினால் மத்தாப்பு வராது!

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டு, தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவார்கள். புது விலைப்பட்டியல் வெளியாகும். அதன்பிறகு சாத்தூர் சாலையிலும் விருதுநகர் சாலையிலும் இருக்கும் கடைகளின் வாசலில் வெளியூர் கார்கள் நிற்க ஆரம்பிக்கும். கார் எடுத்துக்கொண்டு வர முடியாதவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அது செல்போனில் திறக்கிற வாசல். பெயர், போன் நம்பர், இ-மெயில், ஊர் என்று நாலு கட்டங்கள். கீழே ஒரு பட்டன். அவ்வளவுதான்.

அந்தப் பட்டனில் 'வாங்கு' என்று இருக்காது. 'என்கொயரி' என்றுதான் இருக்கும். காரணம், 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு. டெல்லியைச் சேர்ந்த மூன்று குழந்தைகளின் பெயரில் 2015-ல் தொடுக்கப்பட்ட வழக்கு அது. ஃபிளிப்கார்ட், அமேஸான் உள்ளிட்ட இணைய வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று அந்த உத்தரவு சொன்னது. அதனால் சிவகாசிக் கடைகளின் தளங்களில் வழக்கம் மாறியது. 'வேண்டியதைக் குறித்து அனுப்புங்கள். நாங்கள் உங்களைத் தொடர்பு கொள்கிறோம்' என்பார்கள். அதன்பிறகுதான் எஸ்டிமேட், பணம், லாரி புக்கிங் எல்லாம்.

இதனால் அந்த நாலு கட்டங்களின் மதிப்பு கூடிவிட்டது. மற்ற கடைகளில் முதலில் பணம் கட்டிவிடுவோம். முகவரியில் ஒரு எழுத்து தப்பினாலும், கட்டிய பணத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே அந்தப் பிடிமானம் கிடையாது. போன் நம்பர் இருக்கிறதே என்று கேட்கலாம். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பட்டாசு அனுப்ப நினைக்கிற பிள்ளைகளை யோசித்துப் பாருங்கள். பத்து இலக்கம் மட்டுமே ஏற்கும் கட்டத்தில் அவர்களுடைய நம்பர் நுழையாது. அவர்களுக்கு இ-மெயில்தான் வழி.

அது தப்பினால் என்ன ஆகும்? எஸ்டிமேட் அனுப்பிய கடைக்காரர், 'பதிலே வரலை, வேற கடையில வாங்கிட்டாங்கபோல' என்று நினைப்பார். கேட்டவர், 'பெரிய கடை, நம்மள மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் பதில் போட மாட்டாங்க' என்று நினைப்பார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. ஆனால், வியாபாரமும் போச்சு, மனசும் கசந்து போச்சு.

தமிழ்ப் பெயர்களில் இந்தத் தப்பு சுலபமாக நடக்கும். முருகேசனை ஆங்கிலத்தில் எழுத ஒருவர் 'ஜி' போடுவார், இன்னொருவர் 'கே' போடுவார். லட்சுமியை எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்குக் கணக்கே இல்லை. போதாக்குறைக்கு, 'டாட் காம்' என்பதில் கடைசி 'எம்' விழாமல் போனால் அது 'டாட் கோ' ஆகிவிடும். அது கொலம்பியா நாட்டுக்குரிய இணைய முடிவு, அதுவும் சரியான வடிவம்தான். கம்ப்யூட்டர் குறை சொல்லாமல் வாங்கிக்கொள்ளும்.

அப்படியானால் முகவரியை எப்படிச் சரிபார்ப்பது? தபாலை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். பின்கோடு ஆறு இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. 626123 என்றால் சிவகாசி, 626001 என்றால் விருதுநகர் என்று அப்படி ஒரு ஊர் இருப்பதை உறுதி செய்வது இரண்டாம் படி. அந்தத் தெருவில் அந்த ஆள் இருக்கிறாரா என்பது மூன்றாம் படி. அதைத் தபால்காரர் போய்க் கதவைத் தட்டினால்தான் சொல்ல முடியும்.

இ-மெயிலிலும் இதே மூன்று படிகள்தான். நடுவில் '@' இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அதற்குப் பின்னால் வரும் பெயரில் மெயில் வாங்கும் சர்வர் உண்டா என்று இணையத்திலேயே விசாரிப்பது இரண்டாம் படி. 'இந்த என்கொயரி உங்களுடையதுதானா? இந்த லிங்க்கைத் தொடுங்கள்' என்று ஒரு மெயில் அனுப்பிப் பார்ப்பது மூன்றாம் படி. முகவரியை உறுதியாகச் சொல்வது இந்த மூன்றாவது மட்டுமே.

பல தளங்கள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. சில தளங்கள் அந்த முதல் படியிலேயே அளவுக்கு மீறிக் கண்டிப்பு காட்டுகின்றன. பெயருக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால் தள்ளிவிடும். ஆனால் அது முறைப்படி சரியான முகவரி, ஜிமெயிலில் ஒழுங்காகப் போய்ச் சேரும். 2012-ல் வந்த இணைய விதிமுறை தமிழ் எழுத்திலேயே மெயில் முகவரி வைத்துக்கொள்ள இடம் கொடுத்துவிட்டது. இருபத்தாறு ஆங்கில எழுத்தை மட்டும் அறிந்த கட்டம் அதையும் தள்ளிவிடும். வாசலுக்கு வந்தவரிடம் 'உன் பெயரே தப்பு' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுபோல இது. 'டாட் கோ என்று இருக்கிறதே, டாட் காமா?' என்று கேட்கிற கட்டம் நல்ல கட்டம். கல்லாவில் இருக்கும் அண்ணாச்சியும் அப்படித்தானே கேட்பார்!

இன்னொரு இடத்திலும் கோளாறு நடக்கும். கடைக்கு வரும் என்கொயரி மெயிலில், 'அனுப்புநர்' என்ற இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியையே போட்டுவிடுவார்கள். உண்மையில் அதை அனுப்புவது கடையின் சர்வர். அடுத்தவர் பெயரில் கையெழுத்துப் போட்ட கடிதம் மாதிரி அது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இந்த விஷயத்தில் கண்டிப்பைக் கூட்டிவிட்டது. நல்ல என்கொயரிகூட ஸ்பேமில் போய் விழும். அனுப்புநராகக் கடையின் முகவரியும், 'பதில் அனுப்ப' என்ற இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியும் இருக்க வேண்டும்.

முகவரியைச் சரியாக வாங்கினால் பாதி வேலை முடிந்தது. காப்பாற்றுவது மீதிப் பாதி. கடையின் மெயில் முகவரியைத் தளத்தில் அப்படியே எழுதிப்போட்டால், இணையத்தில் மேய்ந்துகொண்டே இருக்கும் தானியங்கி புரோகிராம்கள் அதைப் பொறுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு ஐப்பசி மாத என்கொயரிகள் லாட்டரி மெயில்களுக்கு நடுவில் காணாமல் போகும். முகவரியை சர்வருக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வெளியே கட்டங்களை மட்டும் காட்டுவது நல்லது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தையும் சேர்த்து வைப்பார்கள். மனிதர் அதை நிரப்ப மாட்டார். புரோகிராம் நிரப்பி மாட்டிக்கொள்ளும். ஒரே இடத்திலிருந்து மணிக்கு இத்தனை என்கொயரிதான் என்று எல்லையும் வேண்டும். இல்லாவிட்டால், யாரோ ஒருவர் உங்கள் முகவரியை நூறு முறை எழுதி, கடையின் பெயரிலேயே உங்களுக்கு நூறு மெயில் வரவைக்கலாம்.

வாடிக்கையாளர் பட்டியல் இதைவிட முக்கியம். தீபாவளி நெருங்கும்போது போலிப் பட்டாசுத் தளங்கள் முளைப்பதும், காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவு எச்சரிப்பதும் நடக்கின்றன. யார், எந்த ஊர், என்ன கேட்டார் என்ற பட்டியல் மோசடிக்காரர் கையில் கிடைத்தால், 'நீங்க கேட்ட கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் லாரி ஆபீஸுக்கு வந்துருச்சு, பணம் போடுங்க' என்று அச்சு அசலாகப் பேசலாம். யார்தான் நம்ப மாட்டார்கள்? 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்தால் அழித்துவிட வேண்டும் என்கிறது.

சட்டத்தைப் படிக்காமலேயே சிவகாசிக்காரர்களுக்கு இது புரியும். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது. மீறினால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரம் பல வீடுகளில் அழுது பார்த்திருக்கிறது. முகவரிப் பட்டியலும் ஒருவகையில் மருந்துதான். தேவையான அளவு வாங்கி, பூட்டி வைத்து, தீபாவளி முடிந்ததும் அப்புறப்படுத்திவிட வேண்டும்.

வாடிக்கையாளருக்கும் சின்னச் சின்ன வேலைகள் உண்டு. பட்டனைத் தொடும் முன் முகவரியை ஒருமுறை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கடைக்கு முழு விலாசமும் லைசென்ஸ் விவரமும் இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசாமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் தூரமாகப் போய்க்கொண்டிருக்கும்.