தலை கொய்யும் வயல்

மல்லிகையில் அடுக்கு மல்லி என்றும், நந்தியாவட்டையில் அடுக்கு நந்தியாவட்டை என்றும், இதழ் பெருகிய புஷ்பத்திற்கு நம்மவர்கள் இட்ட பெயர் எத்தனை பொருத்தமானது என்பது, ஹாலந்தின் மேற்குக் கரையில் லிஸ்ஸே என்ற சிற்றூருக்கு அருகே, இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு மே மாதக் காலையில், துலிப் வயலின் ஓரத்தில் நின்றபோதுதான் எனக்கு நன்றாக விளங்கிற்று. படங்களில் நாம் காணும் துலிப் ஆறே இதழ் கொண்ட ஒரு கிண்ணம். இதுவோ இதழுக்குள் இதழாக நெருங்கி, கை கொள்ளாத பூவாகத் திரண்டு, குடித்த மழைநீரின் பாரத்தால் தண்டு வளைந்து, கல்யாணப் பந்தலில் தூக்கம் தாளாத குழந்தையைப்போலத் தலையைத் தொங்கவிட்டிருந்தது. பெரும்பாலான துலிப்புகள் ஏப்ரலிலேயே ஆடி அடங்கிவிட, மே மாதம் பிறந்த பிறகே இது சாவகாசமாகக் கண் திறப்பதால், பின்பருவ அடுக்கு என்று இதற்குத் தனி வகுப்பே வைத்திருக்கிறார்கள். பியோனித் துலிப் என்று சொல்வோரும் உண்டு.

என்னை அழைத்துச் சென்ற வயல்காரர், அறுபதைத் தாண்டியவர், ஒடிந்து கிடந்த ‘ஆஞ்செலிக்’ பூ ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வெளிறிய ரோஜா நிறம். இதழ் இதழாகப் பிரித்து எண்ணத் தொடங்கிய எனக்கு இருபதைத் தொடும்போது கணக்குத் தவறிவிட்டது. ஆனால் நடுவே, விளிம்பில் மஞ்சள் நூல் ஒட்டினாற்போன்ற கோணல் இதழ் ஒன்று அகப்பட்டது. மகரந்தப் பையின் மிச்சம் அது. கேசரமாக இருக்கவேண்டியது இதழாக மாறியதால் உண்டானதே இந்த அடுக்கு என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை. புதிய அடுக்கு ஜாதிகள் பலவும், மனிதன் மகரந்தம் சேர்த்துப் பிறந்தவை அல்ல. ஏதோ ஒரு கிழங்கு தன் ஸ்வபாவத்தைத் தானே மாற்றிக்கொண்டு பூத்ததால் கிடைத்தவை. கறுப்பென்றே சொல்லத்தக்க ‘பிளாக் ஹீரோ’, ‘குவீன் ஆஃப் நைட்’ என்னும் ஒற்றைத் துலிப்புக்கு அப்படி வாய்த்த பிள்ளைதான்.

இந்தப் பிரதேசத்தில் மண் என்பதே மணல். கடலோர மணல்மேடுகளை வெட்டி நகரங்களுக்குப் படகேற்றிய பின் எஞ்சிய தட்டை நிலத்தில்தான் சாகுபடி. நிலத்தடி நீர் சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்திலேயே நிற்கும்படி வாய்க்கால்களால் காத்துவருகிறார்கள். மேலேறினால் கிழங்கு அழுகும், கீழிறங்கினால் வேர் காயும். 1593-ல் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்திற்கு வந்து துலிப் வளர்த்த கரோலஸ் க்ளூசியஸின் கதையையும், 1637-ல் சரிந்த துலிப் வியாபாரப் பைத்தியத்தையும் வாசகர்கள் வேறெங்கும் படித்துக்கொள்ளலாம். அன்று என் கவனம் வேலை செய்யும் மனிதர்கள் மேல் இருந்தது.

மேகம் விலகி வெயில் எட்டிப்பார்த்த நேரத்தில், வரிசைகளுக்கிடையே இருவர் குனிந்தபடி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் விரித்த குடை. மழைதான் நின்றுவிட்டதே என்றேன். வெளிச்சம் நேராக விழுந்தால் இலையிலுள்ள கோடு கண்ணுக்குப் படாது, நிழலுக்காகவே குடை என்றார் வயல்காரர். டச்சு மொழியில் இவர்களுக்கு ‘ஸீக்ஸூக்கர்’ என்று பெயர். நோய் தேடுகிறவர் என்று அர்த்தம். அசுவினிப் பூச்சி கொண்டுவந்து சேர்க்கும் ஒரு வைரஸ் புகுந்தால், ஒரே நிறமாக வரவேண்டிய இதழ் வரிவரியாகப் பிளவுபடும். அந்த வரிகளுக்காகத்தான் பதினேழாம் நூற்றாண்டில் ஒற்றைக் கிழங்குக்கு வீட்டு விலை கொடுத்தார்கள். அது தொற்றுநோயே என்று 1928-ல் பரிசோதனையால் காட்டியவர், இலங்கையில் பிறந்த டாரதி கேலி என்ற ஆங்கிலப் பெண்மணி. பாட்டன் பெட்டியில் பூட்டிவைத்ததைப் பேரன் இன்று வேரோடு பிடுங்கிக் குப்பையில் எறிகிறான்.

‘கார்னவால் டு நீஸ்’ என்ற ஜாதியின் பாத்தியில் எனக்கு ஒரு சங்கடம் எழுந்தது. அதன் வெள்ளை இதழில் சிவப்புத் தீற்றல் பிறவியிலேயே உண்டு. இலையின் விளிம்பிலும் வெண்ணிறக் கரை. நோயின் கோட்டைப் பிறவிக் கோட்டிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம்? குடைக்காரர் குனிந்து இரண்டு இலைகளைக் காட்டினார்: ஒன்றில் வெண்மை வேட்டிக் கரைபோல ஓரத்தோடு ஒழுங்காக ஓடிற்று, மற்றதில் நடுப்பகுதியில், நீர் பட்டுக் கலைந்த மைபோல மங்கலாகச் சிதறிக் கிடந்தது. அவர் சொல்லும்வரை எனக்கு இரண்டும் ஒன்றுதான். சொன்ன பிறகும், அடுத்த வரிசையில் நானே கண்டுபிடித்ததாகப் பெருமையோடு காட்டிய மூன்றில் இரண்டு தப்பு.

பூ விரிந்து, ஜாதிக் கலப்பில்லை, நோயில்லை என்று பார்த்தானதும், இயந்திரம் வந்து தலையைக் கொய்துவிடுகிறது. பூவும் விதையும் தின்னக்கூடிய உணவு கிழங்குக்குச் சேரவேண்டும். அதற்கு இலை நின்றால் போதும். அடுக்குப் பூவின் தலையோ நீர் கோத்துக் கனத்தது. இலைக்கக்கத்தில் தங்கி அழுகினால் பூஞ்சணத்துக்கு விருந்து. ஆகையால் இயந்திரம் போன பின்னும் ஆட்கள் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே, 1950-ல் திறந்த கூகன்ஹாஃப் பூங்காவில், எழுபது லட்சம் கிழங்குகளின் பூவைப் பார்க்க ஜனங்கள் சீட்டு வாங்கி நுழைகிறார்கள். இங்கே அதே சௌந்தரியம் குப்பைக் குவியலாக வயலோரத்தில் கிடந்தது. மனம் வருந்துகிறது என்றேன். கோதுமைக்காரன் வைக்கோலுக்கு அழுவானா என்று கேட்டுச் சிரித்தார் வயல்காரர்.

ஜூலையில் மறுபடி போனேன். ஐப்பசி கார்த்திகையில் நட்ட தாய்க்கிழங்கு தன்னையே தின்னக் கொடுத்துச் சருகாகிவிட்டிருக்க, அந்தச் சருகுக்குள் ஒட்டிக்கிடக்கும் குட்டிகளைப் பிரித்து உரிப்பது கொட்டகையில் நடக்கும் கைவேலை. முன்பெல்லாம் உள்ளூர்ப் பெண்களும் விடுமுறைப் பள்ளிப் பிள்ளைகளும் உரித்தார்கள். இப்பொழுது அங்கே போலந்திலிருந்து பருவத்துக்கு வந்தவர்களே அதிகம் இருந்தார்கள். சுற்றளவு 12 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை விலைக்கு. சிறியவை மறுபடி மண்ணுக்கு. ஓர் அம்மாள் கிழங்கொன்றை எடுத்து முகர்ந்து, ‘ஸூர்’ என்று சொல்லி எறிந்தார். புளித்துவிட்டது என்று பொருள்; மாவு புளித்ததை வாசற்படியிலேயே அறிந்துவிடும் நம் பாட்டிமார்களின் மூக்கு அது. பூஞ்சணம் பிடித்த கிழங்கு எத்திலீன் வாயுவை விடும். நல்ல கிழங்குகளுக்குள் அப்பொழுதுதான் உருக்கொண்டுவரும் அடுத்த வசந்தத்தின் பூ, அந்த வாயுவால் உள்ளேயே கருகிப்போகும்.

கேட்டதன்பேரில் அவர் கையுறையைக் கழற்றிக் காட்டினார். நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து வெடித்திருந்தது. கிழங்கிலுள்ள ஒரு பதார்த்தம் செய்யும் வேலை அது. வைத்தியர்களே அதற்குத் ‘துலிப் விரல்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக இந்த வேலை என்றேன். பதினொன்று என்றார். வீட்டில் துலிப் வளர்ப்பதுண்டா என்றதற்கு, “ஜெரேனியம்” என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

நம் சமவெளித் தோட்டங்களில் இதற்கு ஆசைப்பட வேண்டாம். பன்னிரண்டு வாரமாவது நல்ல குளிரில் கிடக்காத கிழங்கு ஒழுங்காகப் பூக்காது. குளிர்தேசத்தில் இருப்பவர்கள், காற்று மோதாத சுவரோரமாக, நவம்பரில், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டுப் பார்க்கலாம். லிஸ்ஸேப் பக்கம் மே மாதத்தில் போக நேர்ந்தால், படம் எடுக்கும் ஆசையில் வரிசைக்குள் இறங்கிவிடாமல், வாய்க்கால் கரையிலேயே நின்று பாருங்கள். செருப்பில் ஒட்டிய மண்ணோடு நூற்புழு வயல் விட்டு வயல் போகும்.