வருஷம் போடாத சுவர்

எங்கள் அப்பா சுவர் எழுதுகிறவர். குருபரப்பள்ளியிலிருந்து சூளகிரி வரை உர விளம்பரம், சிமென்ட் விளம்பரம், தேர்தல் சின்னம் எதுவானாலும் அவர் கைதான். நான் நூல் பிடிப்பேன். நீலப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால், வெள்ளையடித்த சுவரில் நேர்கோடு விழும். எழுத்து அதன்மேல்தான் உட்கார வேண்டும். தேர்தலுக்குப் பல மாதம் முன்னாலேயே கட்சிக்காரர்கள் நல்ல சுவராகப் பார்த்து, மூலையில் கட்சிப் பெயரும் வருஷமும் போட்டு 'ரிசர்வ்' என்று எழுதச் சொல்வார்கள். எழுதிவிட்டால் வேறு எவனும் தொட மாட்டான்.

என் நடையை வைத்து ஊரில் பேச்சு கிளம்பியதும் அப்பா என்னை வேலைக்குக் கூட்டிப் போவதை நிறுத்தினார். சாரத்தில் ஏறி நிற்பவனைக் கீழேயிருந்து நாலு பேர் பார்ப்பார்கள், அதுதான் காரணம். 2003-ல், 17 வயதில், பெங்களூரு பஸ் ஏறினேன். ஜூஜூவாடி தாண்டியதும் போர்டுகளெல்லாம் கன்னடத்துக்கு மாறின. ஒன்றும் படிக்கத் தெரியவில்லை. யாரோ நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஹமாம் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே பாதிப் பேர் தமிழ்தான் பேசினார்கள். "பாவ்படுத்திம்மா" என்று கும்பிடக் கற்றுக்கொடுத்தவள் எனக்கு அம்மா ஆனாள். பகலில் கடை கடையாகக் காசு கேட்கப் போவோம். 2008 ஏப்ரல் 15-ல் தமிழ்நாட்டில் எங்களுக்கென்று நலவாரியம் அமைத்தார்கள். "ஊருக்குப் போனா அட்டை குடுப்பாங்களாம்டி" என்றாள் அம்மா. எந்த வீட்டு முகவரியைக் கொடுப்பது? நான் போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் ஏணியும் பாம்பும்தான். 2009 ஜூலை 2-ல் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு இனி எங்களைக் குற்றவாளி ஆக்காது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. தெருவில் மைசூர்பாகு கொடுத்தோம். 2011-ல் கர்நாடக போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சந்தேகம் வந்தால் எங்கள் பேரும் விலாசமும் போலீஸ் பதிவேட்டில் ஏறும் என்று அப்போது இருந்தது. ஒரு ஸ்டேஷனில் என்னை நிற்கவைத்து முன்பக்கம், பக்கவாட்டு என இரண்டு போட்டோ எடுத்தார்கள். வீட்டை விட்டு வந்தபிறகு என்னைப் போட்டோ எடுத்தது அதுதான் முதல்முறை. 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தீர்ப்பைக் கவிழ்த்தது. நாலே மாதத்தில், 2014 ஏப்ரல் 15-ல், அதே உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு எங்களை மூன்றாம் பாலினம் என்று ஏற்றது. ஒரே கட்டடத்தில் ஒரு அறை எங்களைத் தள்ளியது, இன்னொரு அறை சேர்த்துக்கொண்டது. இன்றுவரை இது எனக்கு விளங்கியதில்லை.

2016-ல் பூர்ணிமா சுகுமார் பெங்களூருவில் 'அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட்' தொடங்கினார். எங்களைப் பற்றிச் சுவரில் வரைவது என்றில்லாமல், எங்கள் ஆட்களே வரைய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பெயர் எனக்கு நெருடியது. கூவாகத்து அரவானை வைத்து வந்த அந்தச் சொல்லைத் தமிழ்நாடு விட்டுவிட்டு 'திருநங்கை'க்கு வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் கன்னட ஊரில் தமிழ்ப் பெயர் ஒன்று சுவர் ஏறுகிறதே என்று போய் நின்றேன்.

சுவரில் வரைந்திருந்த முகத்தின் கன்னம் மட்டுமே ஒரு ஆட்டோ நீளம். கீழே 'நாவு இத்தீவி', நாங்கள் இருக்கிறோம் என்று கன்னடத்தில் எழுத வேண்டும். பென்சிலில் போட்டிருந்த கோடு வலப்பக்கம் இறங்கியிருந்தது. "நூல் இருக்கா? நீலப்பொடி?" என்றேன். மளிகைக் கடையில் வாங்கி வந்தார்கள். ஒரு முனையை அம்மா பிடித்தாள். சுண்டினேன். பஸ்ஸில் போனவர்கள் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்கள்.

2017-ல் அப்பாவிடமிருந்து போன். திருநங்கை பிரித்திகா யாஷினி தருமபுரியில் எஸ்.ஐ. ஆகச் சேர்ந்த செய்தியைப் பேப்பரில் பார்த்திருக்கிறார். நான் கிளம்பியபோது எங்கள் ஊரும் தருமபுரி மாவட்டம்தான். 2004-ல்தான் கிருஷ்ணகிரி பிரிந்தது. "நம்ம ஜில்லாவுலதாம்மா" என்றார். அந்த 'ம்மா'வுக்கு 14 வருஷம் ஆகியிருந்தது.

2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் 377-இன் கொடுக்கை ஒடித்தார்கள். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். ஃப்ளெக்ஸ் வந்ததில் அப்பாவின் தொழில் போயிருந்தது, கையில் நடுக்கம். போனில் சுவர் படத்தைக் காட்டினேன். முகங்களை அவர் பார்க்கவேயில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கோடு நேரா இருக்கு. யாரு நூல் புடிச்சது?"

"அம்மா."

எந்த அம்மா என்று அவர் கேட்கவில்லை.

அரவாணி ஆர்ட் ப்ராஜெக்ட் குழுவின் ஓவியம் 2024-ல் வெனிஸ் பியனாலே வரைக்கும் போனது. எனக்கு ஓசூரில் வாடகைக்கு ஒரு அறை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. சுவர் அதைச் செய்யாது, அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

குருபரப்பள்ளியில் எங்கள் வீட்டுப் பக்கச் சுவர் ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. கம்பெனி பஸ்கள் அதைத் தாண்டித்தான் போகின்றன. போன தேர்தலுக்கு இரண்டு கட்சிக்காரர்கள் வந்து கேட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை. மூலையில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'ரிசர்வ்' என்று போட்டிருக்கிறார். வருஷம் போடவில்லை.