சோற்றுக்குக் கடைசிப் பந்தி

"நீங்க சோறே தொடறதில்லையாமே, நிஜமா?" விசேஷ வீடுகளில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தொடாமல் என்ன சகோதரிகளே, தினமும் மத்தியானம் சாப்பிடுகிறேன். ஆனால் என் தட்டில் சோற்றுக்குக் கடைசிப் பந்திதான். இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்றால் "சோறு சாப்பிட்டாச்சா?" என்றுதான் அர்த்தம். இட்லியும் தோசையும் பலகாரக் கணக்கு. எத்தனை தின்றாலும் சாப்பாடு ஆகாது. சோறு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், உடல்வாகும் உண்டு. நாற்பத்தேழு வயதில் 114 கிலோவில் வந்து நின்றேன். சர்க்கரைக்கு மாத்திரை. மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் கெஞ்சும். பட்டினி கிடந்தால் பத்துக் கிலோ குறையும். பிறகு பன்னிரண்டாய்த் திரும்பி வரும். கடைசியில் டாக்டர்கள் யோசனைப்படி 2019-ல் இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

இரைப்பையின் மேல் பகுதியை மட்டும் ஒரு சின்னப் பையாகப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். அந்தப் பை ஆரம்பத்தில் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். இரண்டு மேஜைக்கரண்டி அளவு, அவ்வளவுதான்! மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். ஆகாரம் அந்த வழியாகப் போகாது.

முதல் இரண்டு வாரம் வெறும் திரவம். மோர், வடிகட்டின பருப்புத் தண்ணீர், புரதப் பவுடர் கரைத்த பால். அப்புறம் மசித்தது. அப்புறம் மெத்தென்றது. என்னைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். 1960-களின் அரிசிப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவள் அவள். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் மனசு பதறும். "வயித்துல ஒரு வாய்ச் சோறு இல்லாம ஒரு மாசமா எப்படிடீ நடமாடுறே?" என்று தினமும் புலம்புவாள். எனக்குப் பசியே இல்லை என்று சொன்னால் நம்பவே மாட்டாள்.

ஆறாவது வாரம். "நான் சொல்லும்போது சோறு ஆரம்பிக்கலாம், அவசரப்படாதீங்க" என்று டயட்டீஷியன் சொல்லியிருந்தார். அம்மா குழையப் பிசைந்த தயிர் சாதத்தோடு வந்து நின்றாள். "குழந்தைக்குக் குடுக்கிற மாதிரி பிசைஞ்சிருக்கேன், நாலே நாலு வாய்." அவள் கண் கலங்கியிருந்தது. மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு உள்ளூர எனக்கும் ஆசை! பழைய வேகத்தில் நாலு வாய் விழுங்கினேன்.

அம்மாடி! நெஞ்சுக்கு நடுவில் யாரோ கல்லை வைத்து அழுத்துவது போல் இருந்தது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயில் எச்சில் நுரை நுரையாகப் பொங்கியது. அரை மணி நேரம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் வாந்தி எடுத்த பிறகுதான் உயிர் வந்தது. அம்மா கதவுக்கு வெளியே நின்று, "என் கையாலேயே உனக்குக் கெடுதல் பண்ணிட்டேனே" என்று அழுதாள். அந்த அழுகைதான் என்னை அதிகமாக வாட்டியது.

வெந்த சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சரியாக மெல்லாமல் விழுங்கினால் உருண்டையாகத் திரண்டு, பைக்கும் குடலுக்கும் நடுவில் உள்ள குறுகலான வாயில் அடைத்துக்கொள்ளும். மெத்தென்ற ரொட்டியும் சப்பாத்தியும் இதே வேலையைச் செய்யும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

சரி, அடைக்காமல் போக ஒரு வழி கண்டுபிடித்தேன் பாருங்கள், என் சாமர்த்தியத்தை! சோற்றை ரசத்தில் கரைத்துக் குடிப்பது. ஒரு வருஷம் ஆனபின் இதுவே வழக்கமாகிவிட்டது. ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு ஒரு கிண்ணம் ரசம் சாதம் குடித்துவிட்டு பாங்குக்குப் போனேன். ஒன்றரை மணி இருக்கும். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள்.

"சர்க்கரை மாத்திரையைத்தான் எப்பவோ நிறுத்தியாச்சே, எப்படி டாக்டர் சர்க்கரை இறங்கும்?" என்று கேட்டேன். ரசத்தோடு சேர்ந்த சோறு பையில் தங்காமல் குடலுக்கு ஓடிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று ஏறுகிறது. அதை அடக்க உடம்பு இன்சுலினை அளவுக்கு மேல் சுரக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை கீழே விழுகிறது. இதற்கு "டம்பிங்" என்று பெயராம்.

பயந்துபோய், "இனிமேல் சோறே வேண்டாம்" என்று சபதம் போட்டேன். சோறு போயிற்று, முறுக்கு வந்தது! டீயோடு ஒரு முறுக்கு, இரண்டு பிஸ்கட், சாயங்காலம் கொஞ்சம் அவல் பொரி. எதுவும் நெஞ்சில் அடைக்காது. வாயிலேயே பொடியாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். பை நிறைந்த உணர்வே வராது. 76 கிலோ வரை இறங்கியிருந்த நான், ஆறே மாதத்தில் 82-க்கு ஏறினேன். "சோறுகூட சாப்பிடறதில்லையே!" என்று டயட்டீஷியனிடம் போய் அழுதேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "அம்மா, நெஞ்சை அடைக்கிற சோறு உங்களை எச்சரிக்கை பண்ணுது. வழுக்கிட்டுப் போற முறுக்கு சத்தமே போடாது. எதுகிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. சோறு உங்க எதிரி இல்லை. அதுக்கு வரிசை மட்டும்தான் மாறணும்."

முதல் பந்தி புரதத்துக்கு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் முட்டை, மீன், பனீர், கெட்டிப் பருப்பு, சுண்டல் இவற்றில் ஏதாவது முதலில். இரண்டாவது பந்தி கீரை, காய்க்கு. அப்புறமும் இடமிருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு, குழம்பில் மிதக்காமல். ஒவ்வொரு வாயையும் இருபது, இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். தண்ணீர் சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டாள். அடுத்த தடவை ஊரிலிருந்து வந்தபோது அவள் பையில் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் இருந்தது. எனக்கு முதல் முதலாகச் சோறு ஊட்டிய கிண்ணமாம்! "இதுல எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் இனிமே உனக்கு. அப்ப இதுவே உனக்கு வயிறு ரொம்பிடும்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. இந்தத் தடவை சோற்றால் அல்ல.

என்னைப் போல ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. எந்த வாரத்தில் எதைச் சாப்பிடலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் டாக்டர் சொல்வதே சட்டம். அடிக்கடி வாந்தி வந்தால் "சரியாய்ப் போய்விடும்" என்று இருந்துவிடாதீர்கள். வைட்டமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் பாதிக்கும், உடனே ஓடுங்கள். வைட்டமின், கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் வேண்டும்; இளைத்தாயிற்றே என்று நிறுத்தக் கூடாது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "இன்னும் ஒரு வாய்" என்று அன்பாக வற்புறுத்தாதீர்கள். எங்களுக்கு அந்த ஒரு வாய்தான் வினை.

இப்போது 77 கிலோவில் நிற்கிறேன். மாடிப்படி பயமில்லை. அம்மா எண்பதை நெருங்குகிறாள். மத்தியானம் முட்டையும் கீரையும் முடித்துவிட்டு நிமிர்ந்தால், வெள்ளிக் கிண்ணத்தோடு காத்திருப்பாள். "மெல்லு, மெல்லு" என்று எண்ணிக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருப்பாள். அண்டா நிறையச் சோறு தின்ற காலத்தில்கூட இப்படியொரு ருசியை நான் கண்டதில்லை.