வீடு மாறினோம், உறை வரவில்லை

வீடு மாற்றும்போது அண்டாவையும் குண்டானையும் எண்ணி வண்டியில் ஏற்றுகிறோம். நமக்கு வரவேண்டிய கடிதங்களோ பழைய வாசலைத்தான் தேடிச் செல்லும். அயல்நாட்டுத் தொடர்புடைய நம் குடும்பங்களுக்கு இது சிறு விஷயம் அன்று.

என் ராத்தாவின் குடும்பம் சென்ற ஆண்டு கோட்டக்குப்பத்திலிருந்து சேதராப்பட்டுக்குக் குடிபெயர்ந்தது. தொலைவு அதிகமில்லை. ஆயினும் அது விழுப்புரம் மாவட்டம், இது புதுச்சேரி. நம் பக்கத்தில் நிலம் இப்படித் துண்டு துண்டாகப் பின்னிக் கிடப்பதை அறிவீர்கள். அஞ்சலகம், காவல் நிலையம், குடும்ப அட்டை எல்லாமே மாறின. அந்த வேளையில்தான் மூத்த மகனுக்கு பிரான்சின் நான்த் நகரிலிருந்து பிறப்புப் பதிவின் நகல் வரவேண்டியிருந்தது.

அந்த நகலுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு இந்தியப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தவர்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்போர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ராத்தாவின் மாமனார் அவ்வாறு எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். அவர் இட்ட கையெழுத்தைக் கொண்டுதான் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் நீதிமன்றத்தில் குடியுரிமைச் சான்றிதழ் கேட்கிறார்கள். தலைமுறைச் சங்கிலியில் ஒரு கண்ணிக்குச் சான்று இல்லையென்றாலும் விண்ணப்பம் நின்றுவிடும்.

பழைய அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் உறை வந்து சேரவில்லை. சாதாரணத் தபாலாகையால் தேடுவதற்கு எண்ணும் இல்லை. ராத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிள்ளையின் குடியுரிமையே போய்விட்டதாக எண்ணிக்கொண்டார்.

உண்மையில் தொலைந்தது நகல் மட்டுமே. அவன் பிறந்தபோது பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் செய்த பதிவின் மறுபடி நான்த் நகரின் மத்தியப் பதிவு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவுகளை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். மீண்டும் விண்ணப்பித்தால் கட்டணமின்றி இன்னொரு நகல் தருவார்கள். மாமனாரின் பழைய தாளோ அப்படியன்று. அதற்கு ஈடு கிடைப்பது எளிதல்ல. நல்ல வேளையாக அதைத் தபாலில் விடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். மூலத்தை வெளியே அனுப்பாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வது வீண் பயத்தால் அல்ல.

பாஸ்போர்ட்டுக்கு விதி வேறு. அது விரைவு அஞ்சலில் வரும். விண்ணப்பித்தவர் கையில்தான் கொடுப்பார்கள். ஆள் இல்லையென்றால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிவிடும். ஆகவே வராவிட்டால், தொலைந்ததென்று காவல் நிலையத்துக்கு ஓடுமுன் உறையின் எண்ணைக் கொண்டு எங்கே இருக்கிறதென்று பாருங்கள். தொலைந்ததாகப் புகார் எழுதிவிட்டால், பிறகு அது கிடைத்தாலும் சிக்கல்தான். பதிவுத் தபாலும் 2025 செப்டம்பரில் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இங்கிருந்து நீங்கள் அனுப்பும் ஆவணங்களுக்கும் அதையே கேளுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே குடியேறியவர்கள் வீடு மாறினால் பத்து நாட்களுக்குள் குடியேற்றத் துறைக்கே தெரிவிக்க வேண்டும். அஞ்சலகத்தில் முகவரியை மாற்றினால் போதுமென்று பலர் இருந்துவிடுகிறார்கள். அந்தத் துறை அனுப்பும் கிரீன் கார்டைத் தபால்காரர் புது வீட்டுக்குத் திருப்பிவிட மாட்டார்; அனுப்பிய இடத்துக்கே அது போய்ச் சேரும்.

ராத்தாவின் மகன் இம்முறை சேதராப்பட்டு முகவரியை எழுதி, தெருமுனைக் கடையின் பெயரையும் சேர்த்து விண்ணப்பித்தான். அல்ஹம்துலில்லாஹ், ஐந்து வாரத்தில் நகல் வந்தது. முதல் உறை எங்கே போயிற்றென்று இதுவரை தெரியவில்லை.