வெள்ளைக் கவசம் யாருடையது?

ஸ்டார் வோர்ஸ் படத்தில் வரும் வெள்ளைக் கவசச் சிப்பாய்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கவசத்தின் நகல்களைக் காசு கொடுத்து வாங்குகிற ஆட்கள் இங்கே லண்டனிலும் இருக்கினம். விசயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "எந்த அச்சில் இருந்து வந்தது?" என்றுதான். நகலில் இருந்து அச்செடுத்துத் திரும்பவும் நகல் எடுத்தால் விளிம்புகள் மழுங்கும், அளவும் கொஞ்சம் சுருங்கும். மட்டமான சாமான் அதிலேயே பிடிபட்டுவிடும்.

சரி, மூலத்தைச் செய்தது யார்? 1976இல் தலைக்கவசத்தைக் களிமண்ணில் வடித்தவர் நிக் பெம்பர்ட்டன். சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் உறிஞ்சிப் பிடித்து அதை வார்த்தவர் அன்ட்ரூ ஐன்ஸ்வேர்த். உடற்கவசத்தைச் செதுக்கியவர் பிரையன் மியூர்.

ஐன்ஸ்வேர்த் 2004இல் நகல்களை விற்கத் தொடங்கினார். லூக்காஸ் பிலிம் வழக்குப் போட்டது. 2011இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், தலைக்கவசம் சிற்பம் அல்ல, படம் எடுக்கப் பயன்பட்ட ஒரு பொருள்தான் என்று சொல்லிவிட்டது. ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமையை அவர் மீறியதற்கு இங்கேயே வழக்காடலாம் என்றும் சொன்னது.

உணவகச் சமையலறையில் நிற்கிறவன் நான். மெனுவில் கடையின் பெயர் இருக்கும், கறி வைத்தவனின் பெயர் இருக்காது. பெம்பர்ட்டன் என்ற பெயரை நான் அறிந்ததே அந்த வழக்கின் தீர்ப்பை வாசித்துத்தான்.