பூவெடுத்த செடிக்கு மருந்தடித்தேன்

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாதக் காலையில் என் வயலில் நான் செய்த தவறு இன்னும் மனசை அறுக்கிறது.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். சுந்தரபாண்டியபுரத்தைச் சுற்றிச் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பார்க்க வருவார்கள். அந்த வருஷம் என் ஒரு ஏக்கரும் மஞ்சளாக நின்றது. பூத்தட்டில் பச்சைப்புழுவைக் கண்டதும் பதறிவிட்டேன்.

“எய்யா, பூவெடுத்த செடிக்கு மருந்தடிக்காத. ஈ அண்டாது” என்றாள் அம்மா. நான் கேட்கவில்லை. காலை எட்டரை மணிக்கே டேங்கைத் தோளில் மாட்டினேன். அதோடு விடாமல், வரப்பில் மண்டிக் கிடந்த மூக்குத்திப் பூண்டுக்கும் கரிசலாங்கண்ணிக்கும் களைக்கொல்லி அடித்தேன். வரப்பு மொட்டையாக இருந்தால்தான் விவசாயிக்கு அழகு என்று நம்பிய காலம் அது.

மறுநாள் வாய்க்கால் ஓரமெல்லாம் தேனீக்கள் செத்துக் கிடந்தன. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அறுவடையில்தான் உறைத்தது. தட்டின் நடுப்பகுதி முழுக்கப் பொக்கு. அம்மா சுளகில் போட்டுப் புடைக்கப் புடைக்க, பாதி காற்றோடு போனது. 800 கிலோ எதிர்பார்த்த இடத்தில் 400 கூடத் தேறவில்லை.

அதன் பிறகுதான் இந்தச் செடியைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூவே அல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பூக்கள் நெருங்கி உட்கார்ந்த தட்டு. ஓரத்து மஞ்சள் இதழ்கள் விதை வைக்காது. பூச்சிகளை அழைப்பதே அவற்றின் வேலை. உள்ளிருக்கும் பூக்கள் வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி நாள்தோறும் வரிசையாக மலரும். வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கிய செடி இது. அங்கே காட்டுச் சூரியகாந்தி பல கிளைவிட்டு, சின்னச் சின்னப் பூவாகப் பூக்கும். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. இன்றைய வீரிய ஒட்டு ரகங்கள் ஓரளவு ஏற்கும். ஆனாலும் தேனீ வந்தால்தான் விதை நிறையப் பிடிக்கும்.

முதிர்ந்த பூ கிழக்கே பார்த்து நிற்பதற்கும் காரணம் உண்டு. காலை வெயிலில் அது சீக்கிரம் சூடேறும். சூடேறிய பூவுக்குத் தேனீ அதிகம் வரும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் விஷம் தெளித்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. நான் வரப்பில் கருக்கிய மூக்குத்திப் பூண்டும் கரிசலாங்கண்ணியும் சூரியகாந்தியின் சொந்தங்கள். சாமந்தி, செண்டுமல்லி, குசும்பா, பேயெள்ளு எல்லாமே அந்தக் குடும்பம்தான். மூக்குத்திப் பூவைக் கிள்ளி உற்றுப் பார்த்தேன். அதே அமைப்பு: நடுவில் குட்டிப் பூக்கள், ஓரத்தில் நாலைந்து வெள்ளை இதழ்கள். சூரியகாந்தி வயல் தேனீக்குச் சில நாள் விருந்து. மற்ற நாளெல்லாம் அது உயிர் வாழ்வது இப்படிப்பட்ட வரப்புப் பூக்களை நம்பித்தான்.

சொந்தம் என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவைக்கவும் முடியாது. பார்த்தீனியமும் இதே குடும்பம். அதன் மகரந்தம் தொட்டால் பலருக்குத் தோல் அரிக்கும், மூச்சு இரைக்கும். சூரியகாந்தியைக் கருகவைக்கும் வைரஸ் பரவவும் அது வழிசெய்யும். அதைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுகிறேன். மற்றச் செடிகளைப் பெயர் தெரிந்துகொள்ளாமல் தொடுவதில்லை.

இப்போது பூவெடுத்த வயலில் மருந்து தெளிப்பதில்லை. புழு கண்டால் காலையில் போய்க் கையால் பொறுக்குகிறேன். தேனீ குறைவாகத் தெரிந்தால், மெல்லிய துணியைக் கையில் சுற்றி ஒவ்வொரு தட்டாகத் தடவிக்கொடுக்கிறேன். போன வருஷம் தட்டின் நடுவரைக்கும் மணி பிடித்திருந்தது.

சூரியகாந்தி போடும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: பூவில் இருக்கும் பயிருக்கு மருந்தடிக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால், தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, பொழுது சாய்ந்து அடியுங்கள். வரப்பில் ஒரு முழமாவது பூக்களுக்கு விடுங்கள்.